ஓக் கட்டை குடித்த வருஷங்கள்

கொடிப்பாறைக்கு ஏறிவரும் மலைரோட்டின் கடைசி வளைவில் நின்ற ஓக் மரத்தை எந்தத் துரை நட்டுவிட்டுப் போனான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது, ஆனால் அது விழுந்த நாள் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அன்றைக்குத்தான் கஸ்பாருக்கும் மெட்டில்டாவுக்கும் ஒரே மகளான ஐந்து வயது அமலி, காய்ச்சலில் துவண்டு, கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜீப்பில் அம்மா மடியில் கிடந்தபடியே, அந்த வளைவைத் தாண்ட முடியாமல் செத்துப்போனாள். ஐப்பசி மழை மண்ணைக் கரைத்து மரத்தை வேரோடு ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தது. ஆண்கள் ரம்பத்தோடு ஓடிவந்து அறுத்தார்கள். கஸ்பார் ஜீப்பிலிருந்து குதித்து வெறுங்கையால் கிளைகளை இழுத்தான். ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி பிறந்தபோது, அந்தப் பக்கம் போகவேண்டிய அவசியம் போய்விட்டிருந்தது. ஜீப் திரும்பி ஊருக்குள் வந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். காலம் போகப்போக ஆறிவிடும் என்று கல்லறைத்தோட்டத்தில் வைத்துப் பங்குச் சாமியார் சொன்னார், தட்டில் இடியாப்பத்தோடு வந்த பக்கத்துவீட்டு பெர்னதெத்தக்கா சொன்னாள், ஜீப்பைக் கொடுத்த பேக்கரி எப்ரேம் ஒரு ரொட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், ஸ்டேஷன் ஏட்டய்யாகூடத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். வராத பஸ்ஸைப் பற்றி யோசிப்பதுபோல மெட்டில்டா அந்தக் காலத்தைப் பற்றி யோசித்தாள், அது எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும், எவ்வளவு போனால் ஆறும் என்று. அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

அந்த மழைவாரத்தின் கடைசியில் அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனாள். ரோட்டுவேலைக்காரர்கள் அறுத்த துண்டுகளை ஓரமாக உருட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மரம் முழுவதையும் தன் வீட்டு அடுப்பில் வைத்து எரித்துவிடுவது என்று அவள் முடிவுசெய்திருந்தாள். தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கும் கஸ்பார், மனைவி எதைக் கேட்டாலும் மறுக்கக்கூடாது என்ற நிலையில் இருந்ததால், ஒன்றும் கேட்காமல் ஒவ்வொரு துண்டாகத் தோளில் சுமந்துவந்து போட்டான். ஆனால் பச்சை ஓக் எரியவில்லை. அது சீறியது, நுரைதள்ளியது, புகைந்தது. புகை தாங்காமல் கஸ்பார் வெளியே போய் நின்றான்.

"காஞ்சாத்தான் எரியும்" என்றாள் மெட்டில்டா, இருமலுக்கு நடுவில். "பொளந்து காயப்போடணும்."

பிளக்கத் தொடங்கியதும் அவள் கைகள் தம் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டன. ஏனென்றால் அவர்கள் குடியிருக்கும் சவேரியார் லைனில் கிறிஸ்துமஸ் ரம் காய்ச்சுகிறவள் அவள்தான். வெல்லத்தை ஊறவைத்து, பொங்கவிட்டு, காய்ச்சி வடித்தால் பச்சைத்தண்ணீர் மாதிரி நிறமில்லாமல், தொண்டையைக் கிழித்துக்கொண்டு இறங்குகிற ஒன்று வரும். அதற்கு நிறமும் மணமும் சாந்தமும் கொடுப்பது ஓக் கட்டைதான். ஊரிலுள்ள ஓக் மரங்களிலிருந்து உதிர்ந்த கிளைகளைப் பொறுக்கி அவள் வருஷாவருஷம் பக்குவப்படுத்துவாள். சட்டப்படி ரம் காய்ச்சுவது தப்பு, ஆனால் ஏட்டய்யா கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கேக்கை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனதாக யாரும் சொன்னதில்லை. நல்ல ரம் ஏழு வருஷமாவது கட்டையோடு கிடக்கவேண்டும். அதற்குப் பொறுமை உள்ளவர்கள் கொடிப்பாறையில் இல்லாததால், பாதி காரமாகவே ஊர் குடித்துவந்தது.

அப்படி, எரிக்கக் கொண்டுவந்த மரத்தை அவள் தன்னை அறியாமல் பக்குவப்படுத்தினாள். பட்டையை உரித்தாள், வெளிறிய மேல்சதையைச் செதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் பழுப்பு வைரக்கட்டையை மட்டும் எடுத்தாள், அதை ரேகை போகிற போக்கிலேயே விரல் தடிமனுக்குக் கீறினாள், கீறியதைத் தகரக்கூரைமேல் பரப்பி மழையும் வெயிலும் மாறிமாறி அடிக்கவிட்டாள். கட்டையிலிருந்த கசப்பு தேயிலைச் சாயம்போல் இறங்கி, சவேரியார் லைனின் சாக்கடை முழுக்கப் பழுப்பாக ஓடியது. கல்லறைத் திருநாள் வந்தது, போனது. பிறகு வெந்நீரில் ஊறப்போட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றிமாற்றிக் கொட்டி, அடுப்புக்குமேல் பரணில் உலர்த்தி, கடைசியில் இரும்புச் சட்டியில் போட்டு வறுக்க உட்கார்ந்தாள். முதலில் புளித்த வாடை வந்தது, அப்புறம் பிஸ்கட் வாசம், அப்புறம் பாகு முறுகுகிற வாசம். தீயைக் கொஞ்சம் கூட்டியிருந்தால் எல்லாம் கரியாகிப் போயிருக்கும். அதற்குத்தானே கொண்டுவந்தாள். அவள் கூட்டவில்லை. சுடச்சுடக் கட்டைகளை அள்ளி, வடித்துவைத்திருந்த ரம் ஜாடிக்குள் போட்டு மூடினாள்.

மறுநாள் காலையில் பால் வாங்கிக்கொடுக்க வந்த பெர்னதெத்தக்கா ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். கோயிலில் பாட்டுக்குழுவுக்குச் சுருதி பிடித்துக்கொடுக்கிறவள் அவள். நாக்கும் காதுபோலவே துல்லியம்.

"இது ஏழு வருச ரம்மு" என்றாள். "நேத்துத்தானே போட்ட?"

பிறகு நிமிர்ந்து மெட்டில்டாவைப் பார்த்தாள். உச்சி வகிட்டிலிருந்து ஒரு கற்றை நரைத்திருந்தது. கண்ணோரங்களில் சுருக்கம் விழுந்திருந்தது, புறங்கை நரம்புகள் எழுந்திருந்தன.

"இந்த ஏழு வருசம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா, உங்கிட்டேர்ந்துதான் வந்திருக்கு" என்றாள் பெர்னதெத்தக்கா, கரண்ட் ஏன் போனது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவளைப்போல.

மெட்டில்டா கண்ணாடியைத் தேடவில்லை. "ஏழு வருசம் போயிருச்சாக்கா?" என்று கேட்டாள்.

"போயிருச்சும்மா."

மெட்டில்டா கையை நெஞ்சில் வைத்து, வயிற்றுக்குள் குழந்தை அசைகிறதா என்று பார்க்கிற மாதிரி, கொஞ்சநேரம் காத்திருந்தாள். எதுவும் மாறியிருக்கவில்லை. ஜீப்பின் தார்ப்பாயில் மழை விழுகிற சத்தம் அங்கேயே இருந்தது, மடியில் அந்தச் சூடு அங்கேயே இருந்தது, அது ஆறிக்கொண்டு வருவதும் அங்கேயே இருந்தது.

"அப்ப இன்னும் கொஞ்சம் போகணும்போல" என்றாள்.

அவள் மறுபடி வறுத்தாள். மறுபடியும் வறுத்தாள். கஸ்பார் வேலைக்குப் போகும்போது ஒரு வயதிலும் திரும்பும்போது ஒரு வயதிலும் மனைவியைப் பார்த்தான். ஒருநாள் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அவள் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"போதும் மெட்டில்டா. என்னைய விட்டுட்டு நீ எங்க போற?"

"எல்லாரும் சொன்னாங்கல்லங்க, காலம் போகணும்னு. நீங்களும்தானே சொன்னீங்க."

அவனும் சொல்லியிருந்தான். எழுந்து போனான். அவளுக்கு அரிசியில் கல் தெரியவில்லை என்பதைக் கவனித்து, அடுத்த சந்தை நாளில் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிவந்து கொடுத்தான். பஸ்ஸில் அவளுக்கு எழுந்து இடம்கொடுத்தவர்கள், "அம்மாவைப் பிடிச்சு உக்கார வைங்க தம்பி" என்று அவனிடம் சொன்னபோது, "என் சம்சாரம்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்தினான். எதைச் செய்வதென்று தெரியாத அந்த நாட்களில் அவன் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கொடிப்பாறை இதற்காகப் பெரிதாகப் பதறவில்லை. புது லைன்பஸ் விட்டால் அதன் நேரங்களை எப்படித் தெரிந்துகொள்ளுமோ அப்படி இதையும் தெரிந்துகொண்டது. கட்டை வறுக்கும் வாசம் வந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். தையல்கடைக்காரர் மெட்டில்டாவின் ரவிக்கைகளைக் கேட்காமலே பிடித்துக்கொடுத்தார். ஞாயிறு பிரசங்கத்தில் பங்குச் சாமியார், காலம் ஆண்டவருடைய தோட்டம், அதில் குறுக்குவழி போடுவது நல்லதல்ல என்று ஆரம்பித்து, கிறிஸ்துமஸ் அன்று கோயில் வளாகத்தில் நடக்கும் பொது விருந்துக்கு அந்த ரம் வந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்று முடித்தார்.

கட்டை கேட்டும் ஆட்கள் வந்தார்கள். துபாயிலிருக்கும் மாப்பிள்ளைக்காக மூன்று வருஷம் காத்திருக்கவேண்டிய ஸ்டெல்லா, ஒரு கைப்பிடி வாங்கிப்போய், நடுவில் இருக்கும் நாட்களை வறுத்துத் தள்ளிவிடலாம் என்று அடுப்புமுன் உட்கார்ந்தாள். மூன்று வருஷம் அவள் முகத்தைத் தாண்டிப்போனது, துபாயில் ஒரு நாள்கூட நகரவில்லை. அந்தக் கட்டை போட்ட ஜாடியைக் குடித்த அவள் அம்மாவோ, அன்றிலிருந்து மகள் கல்யாணத்தைப் பற்றிய கவலையே இல்லாமல், எல்லாம் எப்போதோ நல்லபடியாக முடிந்துவிட்டதுபோல் வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட் வாட்ச்மேன் மரியான் ஓய்வூதிய வயதை எட்டிவிடலாம் என்று வறுத்து, முதுகு வளைந்து ஆபீசில் போய் நின்றார். "நாங்க உடம்பைப் பாக்கமாட்டோம் மரியான், பொறந்த தேதியைத்தான் பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே வளைந்த முதுகோடு அவர் மறுபடி எஸ்டேட் கேட்டில் காவலுக்குப் போனார். அதற்குப்பிறகு யாரும் கட்டை கேட்டு வரவில்லை. வறுப்பவருக்கு வயது மட்டும்தான் போகும், வேறு எதுவும் போகாது என்பது ஊருக்குப் புரிந்துவிட்டது. போன வருஷங்களுக்குள் இருந்ததெல்லாம் எங்கே போகிறது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் அம்மாவைத் தாண்டித்தான் தினமும் எல்லோரும் தண்ணீருக்குப் போய்வந்தார்கள்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் கோயில் வளாகத்தில் நீளமாகப் பெஞ்சு போட்டு, பிரியாணிக்கும் கேக்குக்கும் நடுவில் மெட்டில்டாவின் ஜாடிகளை வைத்தார்கள். வெள்ளைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாக அவளே ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொடுத்தாள். அவளுக்குக் குடிக்கும் பழக்கம் கிடையாது. முதல் மடக்கு இறங்கியதும் எல்லோரும் தம்ளருக்குள் பார்த்தார்கள். அது அவ்வளவு நல்ல ரம்மாக இருந்தது, நெருப்பின் ஞாபகம் மட்டும் இருந்து நெருப்பு இல்லாததாக, மழை ஓய்ந்து வெகுநேரம் கழித்து ஓட்டிலிருந்து சொட்டுவது போன்றதாக. அதைக் குடித்த ஒவ்வொருவரும் அமலியை நினைத்தார்கள். எப்ரேம் தேம்பினான், ஏட்டய்யா கைக்குட்டையை எடுத்தார், பெர்னதெத்தக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் சேர்ந்து, சத்தமில்லாமல், இதமாக அழுதார்கள், பல வருஷம் கழித்து ஒரு பழைய துக்கத்தை நினைத்து அழுகிற மாதிரி. அழுது முடித்ததும் முகம் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள், யாரோ வரப்போகும் கால்பந்துப் போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தார்கள், எப்ரேம் சிரித்தான்.

பெர்னதெத்தக்கா மெட்டில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல பிள்ளை அது. இருந்திருந்தா இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்ப."

"அஞ்சு வயசுக்கா அவளுக்கு."

"ஆமா" என்றாள் பெர்னதெத்தக்கா ஆதரவாக. "அப்போ."

மெட்டில்டா ஜாடியைக் கீழே வைத்தாள். பெஞ்சின் கோடியில் கஸ்பார் காலித் தம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஜீப் திரும்பிவந்த நாளிலிருந்து அவன் முகத்தில் இறுகிக்கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்திருந்தது. அவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கொடியில் கிடந்த அமலியின் மஞ்சள் கவுனை எடுத்து மடித்தான். அலமாரியைத் திறந்து அவளுடைய மற்ற துணிகளையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கன்னியாஸ்திரிகள் நடத்தும் பிள்ளைகள் இல்லத்துக்குக் கொடுப்பதற்காக ஒரு பையில் வைத்தான். கடுமையில்லாமல், விசில் அடிக்காத குறையாக, அமைதியான மனிதனாக அதைச் செய்தான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மெட்டில்டா வாசலில் நின்றபடி.

"யாராச்சும் பிள்ளைங்க போட்டுக்கும்ல? எவ்வளவு காலமா இங்கயே கெடக்கு."

"எவ்வளவு காலமா?"

"இருக்கும் ஒரு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். கவுனைப் பார்த்தான். அதன் ஓரத்தில் பிள்ளை சிந்திய மருந்தின் கறை இன்னும் மங்காமல் இருந்தது.

"ரெண்டு மாசங்க" என்றாள் மெட்டில்டா. "இன்னும் ரெண்டு மாசம் முழுசா ஆகல."

அப்போதுதான் அவன் என்ன குடித்தான் என்பது அவனுக்கு விளங்கியது. அவளிடமிருந்து போன வருஷங்கள் எல்லாம், அவற்றுக்குள் கொஞ்சம்கொஞ்சமாக ஆறியிருக்கவேண்டிய எல்லாமும், கட்டைக்குள் இறங்கி, கட்டையிலிருந்து ரம்முக்குள் இறங்கி, அவனுக்குள்ளும் ஊருக்குள்ளும் போய்விட்டிருந்தன. ஊருக்கே ஆறிவிட்டது. யாருக்கு ஆறவேண்டுமோ அவள் மட்டும் அதே மழையில், அதே ஜீப்பில், நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் அதை அறிவால் புரிந்துகொண்டான், நெஞ்சால் முடியவில்லை. நெஞ்சில் தேடிப்பார்த்தான். மகள் அங்கே இருந்தாள், தூரத்தில், ஒரு நல்ல சாயங்கால வெளிச்சத்தில்.

"ஒரு ஜாடி மிச்சமிருக்கு" என்று ஓடினான். அடுப்படியிலிருந்து தம்ளரில் ஊற்றிக்கொண்டுவந்து நீட்டினான். "இது உன்னோடது மெட்டில்டா. நீ குடி. உனக்கும் ஆறிடும். ரெண்டுபேரும் ஒரே எடத்துல இருப்போம்."

அவள் தம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். முறுகிய பாகின் வாசத்துக்குக் கீழே அந்த வருஷங்கள் இருந்தன. அதில் ஒரு பெண் அடுப்படியில் நின்று எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள், முட்டைக்கோஸ் நாற்று நட்டாள், ஜுர மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் நினைக்காமல் தண்ணீர் தேடினாள், ஒருநாள் காலை எழுந்து மத்தியானம்வரை அமலியின் பெயர் ஞாபகம் வராமல் இருந்தாள். மெட்டில்டாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். ஆனால் அவளிடம் அமலியை ஒப்படைக்க மனம் வரவில்லை.

"வேணாங்க" என்று தம்ளரை ஜாடிக்குள் திருப்பி ஊற்றினாள்.

மறுநாள் அவள் அந்த ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லறைத்தோட்டத்துக்கு நடந்தாள். இனி யாரும் அதைக் குடிக்கக்கூடாது, அவ்வளவுதான் அவள் நினைத்தது. சாக்கடையில் கொட்டவும் மனமில்லை, அது அமலிக்காகப் போன காலம். சுவரோரம் இருந்த சின்ன மண்மேடு புதைத்த நாளில் இருந்தபடியே சிவப்பாக, மண்வெட்டித் தடத்தோடு இருந்தது. அவள் ஜாடியைச் சாய்த்து மேட்டின்மேல் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். மண் ஒரே மூச்சில் குடித்தது.

குடித்ததும் மேடு அமுங்கியது. ஓரங்களிலிருந்து புல் கிளம்பி நடுவரைக்கும் மூடியது, அது பழுத்துச் சாய்ந்து அதன்மேல் இன்னொரு புல் வந்தது. மரச்சிலுவை வெளிறி ஒருபக்கம் சரிந்தது, அதில் கஸ்பார் பெயின்ட்டால் எழுதியிருந்த பெயரைப் பாசி மூடியது. அது இப்போது பக்கத்திலிருக்கும், துரைமார் காலத்துக் கல்லறைகளில் ஒன்றுபோல இருந்தது, யாரும் பூ வைக்காத, யாருடையது என்று யாரும் கேட்காத ஒன்றுபோல. மெட்டில்டா காலி ஜாடியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உலகத்தில் அந்த நாளின் ஈரம் காயாமல் இருந்தது அந்த மண் ஒன்றுதான், அதையும் தன் கையாலேயே காயவைத்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த கஸ்பார் அங்கே நின்றான்.

"இதுவும் பழசாயிருச்சுங்க" என்றாள்.

அவன் கல்லறையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அழப்பார்த்தான், முகத்தைச் சுளித்துக்கூடப் பார்த்தான். கண்ணில் ஒன்றும் வரவில்லை. பிறகு அவள் எதிரே மண்டிபோட்டு, கை நிறையப் புல்லைப் பற்றி இழுத்தான். புல் வேரோடு வந்தது. அது வந்த இடத்தில், உள்ளங்கை அளவுக்கு, சிவந்த ஈரமண் தெரிந்தது.

மெட்டில்டா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அழ வரமாட்டேங்குது மெட்டில்டா" என்றான் அவன், அடுத்த பிடியைப் பற்றியபடி. "புல்லுப் பிடுங்க வரும்."

அதற்குப்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கலைகிறவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். மலையில் புல் மறுபடி முளைக்க ஒரு வாரம் போதும், மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். ஊருக்கு அமலி செத்து வெகுகாலம் ஆகிவிட்டிருந்தது, ஆகவே அந்த இரண்டுபேரும் எதற்கு இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று யாருக்கும் சரியாகப் புரியவில்லை. ஆனாலும் போகிறபோக்கில் பெர்னதெத்தக்கா குனிந்து இரண்டு புல்லைக் கிள்ளிப் போட்டாள், எப்ரேமும் கிள்ளினான். ஏட்டய்யா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிள்ளினார். ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. முதல் ஞாயிறு அன்று பாதி இடத்தில் மண் தெரிந்ததும், கஸ்பார் நிமிர்ந்து, மண் அப்பிய கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போதுமா?" என்று கேட்டான்.

"தலைமாட்டுலயும் இருக்குங்க" என்றாள் மெட்டில்டா, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. "பாத்து, மெதுவா பிடுங்குங்க. அவ தலை அந்தப் பக்கந்தான் இருக்கு."